கேட்கும் சொல்லும் தேடும் கட்டமும்: திருகோணமலை மேசை ஒன்றின் பாத்திரத் தாள்

"கவனிப்பு எறியுங்க" என்கிறார் கதை நடத்துபவர். ஒவ்வொருவரும் ஒரு கதாபாத்திரமாகப் பேசி, செய்ய நினைப்பது பலிக்குமா என்பதைப் பகடை எறிந்து பார்க்கும் கதை ஆட்டம் இது; அந்த ஆளின் எண்களும் திறன்களும் எழுதிய கடதாசிதான் பாத்திரத் தாள். பகடை உருண்டு நின்ற பிறகும் இரண்டு பேர் தாளை மேலும் கீழும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். தேடுவது தாளில்தான் இருக்கிறது. ஆனால் 'புலனுணர்வு' என்ற பெயரில், பதினெட்டு வரித் திறன் பட்டியலின் பன்னிரண்டாவது வரியில் இருக்கிறது. நடத்துபவர் வாயில் ஒரு சொல், தாளில் வேறொரு சொல். இந்த ஆய்வு எடுத்துக்கொண்ட சிக்கல் இவ்வளவுதான். அதைத் தீர்க்கப் போனபோது சொல், இடம், கணக்கு, கடதாசி எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதாயிற்று.

மேசையும் ஆட்டமும்

திருகோணமலை நகரில் சனி பின்னேரங்களில் கூடும் மேசை இது. நடத்துபவர் ஒருவர், ஆடுபவர்கள் ஐந்து பேர். கிண்ணியாவிலிருந்து ஒருவரும் தம்பலகாமத்திலிருந்து ஒருவரும் வருகிறார்கள். ஐவரில் இருவருக்கு இந்த வகை ஆட்டமே புதிது. விதிகளை ஆங்கிலத்தில் வாசித்தவர் நடத்துபவர் மட்டும். மேசையில் பேச்சு முழுக்கத் தமிழ். ஆட்டம் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு. கதைக்களம் 1639ஐ ஒட்டிய கொட்டியாரக்குடா. கோணேசர் கோயிலை இடித்துப் போர்த்துக்கேயர் எழுப்பிய கோட்டையை ஒல்லாந்தர் பிடிக்கும் காலம். ஆடுபவர்களின் பாத்திரங்கள் கோட்டைக் காவலின் கண்ணில் படாமல் குடாவுக்குள் வள்ளம் விடுகிறவர்கள்.

தாளில் எதைப் பெரிதாகப் போடுவது, எதை எடுத்துவிடுவது என்பதைக் கதைதான் தீர்மானிக்கும். குகைக்குள் இறங்கிப் புதையல் எடுக்கும் கதைக்குப் பொற்காசு வரி ஐந்து தேவைப்படலாம். இரவில் துடுப்புப் போடும் கதைக்கு அது வீண் இடம்.

உரிமம் பற்றி ஒரு சொல். இந்தப் பதிப்பின் அடிப்படை விதிகளைக் கொண்ட 'எஸ்ஆர்டி 5.1' என்ற ஆவணம் 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தின்கீழ் வெளியிடப்பட்டது. அதில் உள்ள விதிச் சொற்களைத் தமிழாக்கித் தாள் செய்து மற்றவர்களுக்கும் கொடுக்கலாம். உரிமக் குறிப்பை மட்டும் சேர்க்க வேண்டும். வெளியீட்டாளரின் சின்னமும் அவர்களுடைய அச்சுத் தாளின் ஓவியமும் அந்த உரிமத்துக்குள் வராது. ஆகவே அதிகாரபூர்வத் தாளின் மேல் தமிழை ஒட்டுவதைவிட வெற்றுத் தாளில் தொடங்குவதே முறை. உரிமக் குறிப்புக்குத் தாளின் அடியில் ஒரு சிறு வரி போதும்.

முதல் தாள் ஏன் தோற்றது

முதல் முயற்சி ஆங்கிலத் தாளை வரிக்கு வரி மொழிபெயர்த்தது. அதில் நான்கு பிழைகள் இருந்தன. மொழிபெயர்ப்புத் தாள்கள் பெரும்பாலானவற்றிலும் இதே நான்கைக் காணலாம்.

முதலாவது வரிசை. ஆங்கிலத் தாளில் திறன்கள் ஆங்கில அகரவரிசையில் நிற்கின்றன. தமிழாக்கியதும் அந்த வரிசைக்குப் பொருளே இல்லாமல் போகிறது. தமிழ் அகரவரிசையும் இல்லை, வேறு எந்த ஒழுங்கும் இல்லை. பதினெட்டுச் சொற்கள் கொட்டிக் கிடக்கின்றன. தேடுகிறவர் ஒவ்வொரு முறையும் மேலிருந்து வாசிக்க வேண்டியிருக்கிறது. ஆடுபவர் மெதுவானவர் என்று நினைத்துவிடுகிறோம். உண்மையில் தாள்தான் அவரை மெதுவாக்குகிறது.

இரண்டாவது அளவு. அமெரிக்க வார்ப்புருக்கள் 'லெட்டர்' அளவில், அதாவது 216 × 279 மில்லிமீற்றரில் இருக்கும். நமது ஏ4 தாள் 210 × 297. 'தாளுக்கேற்பப் பொருத்து' என்று அச்சிட்டால் எல்லாம் ஏறத்தாழ நூற்றுக்கு 97 ஆகச் சுருங்கும், அடியில் வெற்றிடம் விழும். மூன்று வீதம் சிறிதுதானே என்று தோன்றும். ஆனால் ஏற்கெனவே 7 புள்ளி (எழுத்தளவின் அலகு) அளவில் நெருக்கி வைத்த தமிழ் எழுத்துக்கு அதுவே வாசிக்கலாமா முடியாதா என்பதைத் தீர்மானிக்கும் அளவு.

மூன்றாவது உயரம். 'கூ', 'சு' போன்ற எழுத்துகள் கீழே இறங்குகின்றன. 'மீ', 'றி' மேலே வளைகின்றன. ஆங்கிலத்துக்கு என்று அமைத்த வரி இடைவெளியில் மேல் வரியின் வாலும் கீழ் வரியின் கொம்பும் முட்டிக்கொள்கின்றன, அல்லது கட்டக் கோட்டில் ஏறி நிற்கின்றன.

நான்காவது, மேசைக்கு வந்ததும் தெரிந்தது. தலைப்பில் பெயருக்கு ஒரு கோடு, வகுப்புக்கு ஒரு கோடு, கீழே நூறு வெற்றுக் கட்டங்கள். புதியவர் இருவரும் பேனையை வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்கள். சுட்டெண் கேட்காதது மட்டும்தான் குறை, அது அப்படியே பரீட்சை விடைத்தாள். 'வகுப்பு' என்ற சொல்லும் அதற்குத் துணை போனது. புதிய தாளில் அது 'தொழில்' ஆயிற்று. பெயருக்குக் கீழே முதல் வரியாக ஒரு கேள்வி வந்தது: 'ஊரில் உங்களை எதற்காகத் தேடி வருவார்கள்?' இந்த ஒரு வரியைப் பேச்சுத் தமிழில் நிரப்பியவர் மிச்சத் தாளைப் பார்த்துப் பயப்படுவதில்லை.

சொற்கள்

அதிகம் பாடுபட வேண்டிய இடம் இது. ஓர் ஆளின் உடலும் மனமும் எப்படி என்பதை எண்ணால் சொல்லும் ஆறு அடிப்படைக் குணங்களில் தொடங்கலாம்.

ஆங்கிலத் தாளில் மூன்றெழுத்துச் சுருக்கங்கள் இருக்கின்றன. தமிழில் அப்படிச் சுருக்குவது வழக்கமில்லை, முதலெழுத்தே சுருக்கம். எனவே ஆறு சொல்லுக்கும் ஆறு வெவ்வேறு முதலெழுத்து வேண்டும், காதுக்கும் வேறுபட வேண்டும். முதல் தாளில் 'வலிமை'யும் 'விவேகமும்' இருந்தன, 'அறிவும்' 'ஆளுமையும்' இருந்தன. கையெழுத்தில் 'வ', 'வி' குழம்பியது. சத்தத்தில் 'அ', 'ஆ' குழம்பியது.

'கொன்ஸ்டிடியூஷன்' என்ற குணத்துக்கு அகராதியில் கண்ணில் படும் பொருள் 'அரசியலமைப்பு'. கருவி மொழிபெயர்ப்பை அப்படியே எடுப்பவர் தாளில் அரசியலமைப்பு 14 என்று ஒரு வீரன் நிற்பான். 'உடலுறுதி' என்று வைத்து 'உ' என்று சுருக்கியபோது வேறொரு தடை வந்தது. தாளின் மேல்பக்கத்தில் தனியாக நிற்கும் 'உ'வை யாரும் சுருக்கமாக வாசிப்பதில்லை, அது பிள்ளையார் சுழி. ஒருவர் அதற்குப் பக்கத்துக் கட்டத்தை வெறுமையாகவே விட்டிருந்தார். பிறகு அது 'தாங்குதிறன்' ஆனது, சுருக்கம் 'தா'.

'விஸ்டம்' என்பதை 'ஞானம்' என்றால் ஆடுபவர்கள் சாமியாரை நினைக்கிறார்கள். விதியில் அந்தக் குணம் செய்யும் வேலை கண், காது, மனிதரைப் படிப்பது. ஆகவே 'கூர்மை'. 'கரிஸ்மா'வுக்குக் 'கவர்ச்சி' என்றால் சினிமாத் துணுக்கின் வாடை வருகிறது. 'முகராசி' சரியாகப் பொருந்துகிறது. முன்பின் தெரியாதவர் நம் சொல்லைக் கேட்க வைக்கும் சக்திக்கு ஊரில் ஏற்கெனவே இருக்கும் சொல் அது. கடைசியில் நின்றவை: வலிமை, சுறுசுறுப்பு, தாங்குதிறன், அறிவு, கூர்மை, முகராசி. சுருக்கம்: வ, சு, தா, அ, கூ, மு.

வரும் ஆபத்திலிருந்து தப்பப் பகடை எறிவதைக் குறிக்கும் 'சேவிங் த்ரோ' இன்னொரு பொறி. 'தப்பு எறிதல்' என்று முதல் தாளில் எழுதியிருந்தது. "தப்பு எறியுங்க" என்று சொன்னால் பிழையாக எறியச் சொல்வதுபோல் கேட்கிறது. 'தப்பித்தல்' என்றதும் குழப்பம் தீர்ந்தது. அதே போல 'பாத்திரம்' என்ற சொல்லைத் தாளின் உள்ளே எங்கும் போடவில்லை. பொருட்பட்டியலில் 'பாத்திரம்' என்றால் அது சட்டி பானை.

திறன்களுக்கு வட்டாரச் சொல் எடுத்தது தாளுக்கு உயிர் கொடுத்தது. 'அச்சுறுத்தல்' என்று யாரும் பேசுவதில்லை, 'வெருட்டல்' என்றுதான் பேசுகிறார்கள். 'வஞ்சித்தல்' காப்பியத்தில் இருக்கும். மேசையில் அது 'சுத்துமாத்து'. மேடைத் திறனுக்குக் 'கூத்து'. 'அத்லெற்றிக்ஸ்' என்பதற்கு ஒற்றைச் சொல் தேடாமல் அது எதற்குப் பயன்படுகிறதோ அதையே வைத்தார்கள்: 'ஏறல்-நீந்தல்'. 'சமய அறிவு' என்ற வரி பேசப்பட வேண்டியிருந்தது. கிண்ணியாக்காரருக்கு வாயில் வருவது மார்க்கம், மற்றவர்களுக்குச் சமயம். தாளில் 'சமயம் / மார்க்கம்' என்று இரண்டையும் அச்சிட்டார்கள். ஒரு சாய்கோட்டுக்கு மேல் செலவில்லை, தாள் எல்லாருக்கும் சொந்தமாகிறது.

சொல் தெரிவுக்கு ஒரே சோதனை வைத்துக்கொள்ளலாம். நடத்துபவர் தாளைப் பார்க்காமல் ஒரு காட்சியை நடத்தட்டும். அவர் வாயிலிருந்து வரும் சொற்களை ஒருவர் எழுதிக்கொள்ளட்டும். அந்தச் சொல்தான் தாளுக்கு. அகராதியோடு அவர் ஒத்துப்போகவில்லை என்றால் அகராதியை மூடிவைக்கலாம்.

அடுக்கு

திறன்களைப் பயன்படும் முறைப்படி ஐந்து கூட்டமாகப் பிரித்தார்கள். கண்-காது: கவனிப்பு, துருவல், மனமறிதல். உடம்பு: ஏறல்-நீந்தல், சமநிலை, பதுங்கல், கைச்சாலம், வள்ளம் விடல். வாய்: இணக்கல், வெருட்டல், சுத்துமாத்து, கூத்து. படிப்பு: சரித்திரம், சமயம் / மார்க்கம், மந்திரம், இயற்கை. பழக்கம்: வைத்தியம், விலங்கு, காடு. மொத்தம் 19.

விதிப்படி திறன்கள் 18தான். பத்தொன்பதாவதான 'வள்ளம் விடல்' விதியில் கருவிப் பயிற்சியாக வேறு இடத்தில் இருக்கிறது. எறிதலின் கணக்கு ஒன்றேதான்: பயிற்சி எண்ணும் (பழகிய வேலைக்கு மட்டும் கூட்டுவது) பொருத்தமான குணத்தின் எண்ணும். ஒவ்வொரு கிழமையும் எறியப்போகும் ஒன்றைப் பின்பக்கத்து மூலையில் வைப்பதில் நியாயமில்லை என்பதால் அதை முன்னுக்குக் கொண்டுவந்தார்கள்.

அளவுகளை மில்லிமீற்றரில் தருகிறோம்; இப்படியே எடுத்து வரையலாம். ஏ4 நிமிர்ந்த தாள். இடது ஓரம் 20, மற்ற மூன்று ஓரமும் 12. இடது ஓரம் பெரிதாக இருப்பது கோப்பில் துளையிட. வழக்கமான இரு துளைகளும் விளிம்பிலிருந்து 12 தள்ளி, ஒன்றுக்கொன்று 80 இடைவெளியில் விழும். எஞ்சும் இடம் 178 × 273.

மேலே தலைப் பட்டை 18 உயரம். 4 விட்டு, ஆறு குணப் பெட்டிகள்: ஒவ்வொன்றும் 28 அகலம், 30 உயரம், இடையில் 2. மறுபடி 4 விட்டால் கீழே 217 மிஞ்சும். அதை இரண்டு நிரலாக்க வேண்டும்: இடது 70, இடைவெளி 4, வலது 104. இடது நிரலில் தலைப்புக்கு 9, திறன் வரிகள் 19க்கு எட்டு எட்டாக 152, இடைவெளி 4, 'சும்மா கவனிப்பு' (பகடை எறியாமலே கண்ணில் படுவதற்கான எண்) பெட்டிக்கு 22, மொழிகளுக்கும் கருவிகளுக்கும் 30. வலது நிரலில் கவசம் (எதிராளியின் அடி படுவதற்கு எட்ட வேண்டிய எண்), முந்துகை (சண்டையில் யார் முதல் என்பதற்கான எண்), நடை மூன்றும் ஒரே வரிசையில் 25, உயிர் (தாங்கக்கூடிய காயம்) 40, தாக்குதல் அட்டவணைக்குத் தலைப்பு 9, வரிக்குப் பன்னிரண்டாக நான்கு வரி, அடியில் பொருளுக்குப் பத்து வரி.

ஒரு திறன் வரிக்கு எட்டு மில்லிமீற்றர் ஆடம்பரமில்லை. தமிழில் கையால் எழுதுகிறவருக்கு அதற்குக் குறைந்தால் எழுத்து கோட்டைத் தாண்டும். அச்செழுத்து 9 புள்ளிக்குக் குறையக்கூடாது, வரி இடைவெளி எழுத்தளவின் 1.4 மடங்கு. கூட்டங்களுக்கு நடுவே வெற்றிடம் விடாமல் தடித்த கோடு போட்டால் உயரம் மிச்சம்.

எடுத்துவிட்டவை: தெய்வம், கண் நிறம், உயரம், நிறை, ஐந்து வகைக் காசு. அவை வேண்டியவர் பின்பக்கத்தில் எழுதலாம். நிறைக் கணக்கும் போயிற்று. விதியில் தூக்கக்கூடிய சுமை வலிமையின் 15 மடங்கு இறாத்தல். வலிமை 16 என்றால் 240 இறாத்தல். அதைக் கிலோவாக்கிக் கூட்டிக் கழிக்க யாரும் மேசைக்கு வருவதில்லை. பத்து வரி, ஒரு பொருளுக்கு ஒரு வரி, பாரமானதற்கு இரண்டு; வரி முடிந்தால் கை நிறைந்தது. இது மேசையின் சொந்த விதி, தாள்தான் அதை நடத்துகிறது. தூரத்தையும் அடியில் எழுதாமல் கட்டத்தில் எழுதினார்கள்: 30 அடி நடை என்பது 5 அடிக் கட்டத்தில் ஆறு.

எண்கள்

இந்த ஆட்டத்தில் ஒவ்வொரு குணத்துக்கும் இரண்டு எண் உண்டு. மூல எண் 16 போல இருக்கும். எறியும்போது கூட்டுவது அதிலிருந்து வரும் கூட்டெண், +3. மூல எண்ணிலிருந்து 10ஐக் கழித்து, இரண்டால் வகுத்து, கீழ்ப்பக்கம் முழுஎண்ணாக்கினால் கூட்டெண். புதியவர் செய்யும் முதல் பிழை பகடையோடு 16ஐக் கூட்டுவது. இரண்டு எண்ணும் ஒரே பெட்டியில் அருகருகே இருக்கும்வரை அது நடக்கும். இதே வகையில் இன்னோர் ஆட்டமான பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பின் 2023ஆம் ஆண்டு மறுவார்ப்பு மூல எண்ணையே விட்டுவிட்டது. இந்த மேசையின் தாள் அதைப் பின்பக்கத்துக்கு அனுப்பியது. முன்பக்கத்துக் குணப் பெட்டியில் 14 புள்ளிச் சுருக்கெழுத்து, அதன்கீழ் கூட்டெண்ணுக்கு 16 × 14 கட்டம், அடியில் தப்பித்தல் எண்ணுக்குச் சிறு கட்டம். வேறெதுவும் இல்லை.

ஒரு மாதிரி ஆளை வைத்துப் பார்க்கலாம். முதல் மட்டத்து, அதாவது ஆட்டம் தொடங்கும் நிலையிலுள்ள, மனிதப் போராளி. நிலையான எண்கள் 15, 14, 13, 12, 10, 8. மனிதருக்கு எல்லாவற்றிலும் ஒன்று கூடுவதால் வ 16, சு 15, தா 14, கூ 13, மு 11, அ 9 என்று பகிர்ந்ததாக வைப்போம். கூட்டெண்கள்: +3, +2, +2, +1, 0, −1. கடைசியைக் கவனியுங்கள். 9இலிருந்து 10 போனால் −1, அதில் பாதி −0.5, கீழே இறக்கினால் −1. இதைப் பலர் 0 என்று எழுதுகிறார்கள். பின்பக்கத்தில் 8–9க்கு −1, 10–11க்கு 0, 12–13க்கு +1, 14–15க்கு +2, 16–17க்கு +3 என்று சிறு அட்டவணை அச்சிட்டால் கணக்கே தேவையில்லை.

உயிர்: போராளிக்கு முதல் மட்டத்தில் 10, அதோடு தா +2, ஆக 12. வாள் தாக்கு: வ +3, பயிற்சி +2, ஆக +5, காயம் 1ப8+3. 'ப' என்பது பகடை, 'ப8' எட்டுமுகம். கவனிப்பில் பயிற்சி இருந்தால் கூ +1, பயிற்சி +2, ஆக +3; அதோடு 10 சேர்த்தால் சும்மா கவனிப்பு 13. தோல் கவசம் 11, அதோடு சு +2, ஆக 13. சங்கிலிக் கவசம் 16 தரும், ஆனால் பதுங்கலைக் கெடுக்கும். வள்ளத்தில் பதுங்கிப் போகும் கதையில் இந்த வேறுபாடு பெரிது. ஆகவே கவசக் கட்டத்துக்குப் பக்கத்தில் 'பதுங்கல் கெடுமா?' என்று ஒரு சிறு வட்டம் இருக்கிறது.

கொள்கை எளிது: மேசையில் கூட்டக்கூடியது ஒன்றே ஒன்று, பகடையும் தாளில் உள்ள ஓர் எண்ணும். மற்றக் கூட்டல் எல்லாம் தாள் நிரப்பும்போதே முடிந்திருக்க வேண்டும். கோல் ஒஃப் கத்துலு என்ற ஆட்டத்தின் ஏழாம் பதிப்புத் தாள் ஒவ்வொரு திறனுக்கும் முழு எண், பாதி, ஐந்திலொன்று மூன்றுக்கும் கட்டம் வைத்திருப்பது இதே காரணத்துக்காக.

இதற்கு ஒரு விலை உண்டு. பயிற்சி எண் ஐந்தாம் மட்டத்தில் +3 ஆகும்போது, பயிற்சியுள்ள எல்லா வரியையும் அழித்து எழுத வேண்டும். எந்த வரிகள் என்பதைத் திறனுக்கு முன்னால் உள்ள நிரப்பிய வட்டம் சொல்லும். வட்டத்தை நிரப்பாமல் எண்ணை மட்டும் எழுதியவர் ஐந்தாம் மட்டத்தில் முழுத் தாளையும் மறுபடி கணக்கிட வேண்டியிருக்கும். வட்டம் முதலில், எண் பிறகு.

கடதாசியும் காற்றும்

அதிகம் அழிபடுவது உயிர்க் கட்டம். 80 ஜிஎஸ்எம் (சதுர மீற்றருக்குக் கிராம்) தாளில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அழிறப்பர் போட்டால் மேற்பரப்பு பஞ்சாகி, பிறகு ஓட்டை விழும். வாடைக்காற்றுக் காலத்து ஈரத்தில் அது இன்னும் விரைவு. லமினேட் செய்து வெள்ளைப்பலகைப் பேனையால் எழுதலாம் என்று முதலில் தோன்றும். உள்ளங்கை பட்டதும் அழிந்துவிடும், பென்சிலும் பிடிக்காது. மேசை வந்து சேர்ந்த வழி: தாளில் உயிருக்கு உச்ச எண் மட்டும். நடப்பு எண்ணுக்குத் தனிச் சிட்டை. ஏ4ஐக் குறுக்கே மூன்றாக வெட்டினால் 210 × 99 அளவில் மூன்று சிட்டை. ஒரு நாளைக்கு ஒன்று. உயிர், செலவான அம்பு, உயிர் பூச்சியமானதும் வரும் உயிர்ப் போராட்டத்தின் மூன்று வெற்றி வட்டம், மூன்று தோல்வி வட்டம், மறக்கக்கூடாத பெயர்கள் அதில். ஆட்டம் முடிந்ததும் சிட்டையைத் தாளின் பின்னால் குத்திவைத்தால், சென்ற கிழமை என்ன நடந்தது என்பதற்கு அதுவே பதிவு.

தாளுக்கு 160 ஜிஎஸ்எம் போதும். பிரிஸ்டல் போர்ட் அழகாக இருந்தாலும் எல்லா இயந்திரமும் அதை இழுக்காது. பென்சில் 2பி அல்ல, எச்பி. 2பி கையில் ஒட்டிப் பக்கத்துக் கட்டத்தைக் கறுப்பாக்கும். வைகாசி தொடங்கி மாதக்கணக்கில் அடிக்கும் கச்சான் காற்றில் கடற்கரைப் பக்கத்து விறாந்தையில் ஆடுகிறவர்கள் தாளை அட்டைப் பலகையில் கிளிப் போட்டு மாட்டியே ஆக வேண்டும். அதனால் தாளின் மேல் விளிம்பின் நடுவில் 60 மில்லிமீற்றர் அகலத்துக்கு எதுவும் அச்சிடாமல் விட்டார்கள். இல்லையென்றால் கிளிப் பெயரை மூடும்.

போட்டோக்கொப்பி எடுக்கும்போது மூன்று விடயம் காணாமல் போகும்: அரைப் புள்ளியைவிட மெல்லிய கோடு, வெளிர் சாம்பல் நிறம், மெய்யெழுத்தின் புள்ளி. மூன்றாவது ஆபத்தானது. மெல்லிய எழுத்துருவில் 7 புள்ளிக்கு அச்சிட்ட 'பதுங்கல்' இரண்டு கொப்பிக்குப் பிறகு 'பதுஙகல' ஆகிவிடும். கோடு 0.75 புள்ளி, நிறம் வேண்டாம், எழுத்துரு நடுத்தரத் தடிமன். நோட்டோ சான்ஸ் தமிழ், ஹிந்த் மதுரை, முக்த மலர் எல்லாம் இலவசமாகக் கிடைக்கும், நடுத்தடிமனும் உண்டு. இங்க்ஜெற்றில் மூலப்பிரதி எடுத்தால் ஈரக் கையில் கரையும். மூலப்பிரதியை லேசர் அச்சில் எடுப்பதே நல்லது.

அச்சகத்துக்குக் கொடுக்கும்போது சொல்கோப்பாகக் கொடுக்க வேண்டாம். நமது ஊர் அச்சகங்கள் பலவற்றில் இன்னும் பாமினி எழுத்துருப் பழக்கம் இருக்கிறது. பாமினியில் தட்டிய கோப்பு அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குவியலாகத் திறக்கும். யுனிக்கோடில் செய்து, எழுத்துருவை உள்ளடக்கிய பிடிஎஃப் ஆக்கிக் கொடுத்தால் எந்தக் கணினியிலும் மாறாது. வரைவதற்கு இங்ஸ்கேப்போ லிப்ரெஒஃபிஸோ போதும். இரண்டிலும் தமிழ் ஒழுங்காகப் பொருந்தும். சில பழைய வடிவமைப்பு மென்பொருள்களில் 'கெ', 'கொ' போன்றவற்றின் கொம்பு இடம் மாறி நிற்கும். 'கொம்பு' என்று தட்டிப் பார்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும்.

அதே காரணத்தால் நிரப்பக்கூடிய பிடிஎஃப் தமிழுக்கு நம்பிக்கையானதல்ல. அச்சிட்ட சொல் சரியாக இருக்கும், நிரப்பும் கட்டத்தில் தட்டும் தமிழ் பல வாசிப்பான்களில் சிதறும். எண்களுக்கு மட்டும் நிரப்பு கட்டம் வைத்து, பெயரைக் கையால் எழுத விடலாம்.

கைப்பேசியில் வைத்திருப்பவருக்கு கூகுள் ஷீட்ஸ் பிரதி ஒன்று. இங்கே ஒரே பெரிய பிழை கீழ்நோக்கி முழுஎண்ணாக்கும் செயற்கூற்றைத் தெரிவு செய்வதில். 'ரவுண்ட்டவுன்' என்ற பெயர் பொருத்தமாகத் தோன்றும். ஆனால் அது பூச்சியத்தை நோக்கி இறக்குவது, −0.5ஐ 0 ஆக்கும். 'இன்ட்' தான் −1 தரும். மூல எண் 9ஐ இட்டுப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும். பயிற்சி எண்: மட்டத்திலிருந்து 1ஐக் கழித்து நாலால் வகுத்ததன் 'இன்ட்', அதோடு 2. '+3' என்று தட்டினால் கூட்டல் குறி மறைந்துவிடும்; கட்டத்தின் எண் வடிவத்தை +0;-0;0 என்று வைத்தால் குறி நிற்கும்.

வள்ளத் தாள்

ஐந்து பேருக்கும் பொதுவான ஒன்றை ஐந்து தாளிலும் எழுதினால் ஐந்து விதமாக இருக்கும். வள்ளத்துக்கு ஒரே தாள், கிடைவாட்டில், மேசை நடுவில். வள்ளத்தின் பெயர், உயிர், வேகம், சரக்கு, யார் எங்கே இருக்கிறார். துடுப்பு வள்ளத்துக்கு விதி தரும் வேகம் மணிக்கு 1½ மைல், ஏறக்குறைய 2.4 கிலோமீற்றர், பாய்க்கப்பலுக்கு 2 மைல், 3.2 கிலோமீற்றர். இருக்கைகளைப் படமாக வரைந்து, ஒவ்வொருவரும் ஒரு பொத்தானை வைக்கிறார்கள். "நான் அணியத்தில இருந்தனான்" என்ற வாக்குவாதம் அதோடு நின்றது.

ஒரு மூலையில் காற்றுக்கு நான்கு சொல்: வாடை, கொண்டல், சோளகம், கச்சான். நடத்துபவர் ஒன்றை வட்டமிடுவார். இன்னொரு மூலையில் மூன்று வரி: கோட்டை, கரை, காடு. ஒவ்வொன்றுக்கும் −3இலிருந்து +3வரை ஏழு வட்டம். வள்ளக்காரர்களைக் கோட்டைக்காரர் எப்படிப் பார்க்கிறார்கள், கரையோரத்தார் எப்படி, உள்நாட்டுக் காட்டு ஊர்கள் எப்படி என்பதன் கணக்கு. இதுவும் சொந்த விதியே. கோட்டை +2 ஆனால் கரை ஒன்று இறங்கும் என்று வரிகளுக்கிடையே ஓர் அம்பு அச்சிட்டிருக்கிறது. அந்த அம்பு இல்லாத முதல் பிரதியில் எல்லா வரியும் மேலேயே போய்க்கொண்டிருந்தது, தெரிவு செய்ய எதுவும் இருக்கவில்லை.

மந்திரவாதிக்கு

இந்தத் தாள் மந்திரவாதிக்குப் போதாது. மந்திரத்துக்கு என்று பக்கம் ஒதுக்கியபோது போராளிக்கும் அந்தப் பக்கம் வெறுமையாக வந்து உறுத்தியது. ஆகவே பக்கத்தை எடுத்துவிட்டு அட்டையாக்கினார்கள். ஏ4ஐ மூன்றுக்கு மூன்றாக வெட்டினால் 70 × 99 அளவில் ஒன்பது அட்டை. முதல் மட்டத்து மந்திரவாதிக்குச் சிறுமந்திரம் மூன்று, ஏட்டில் முதல்நிலை மந்திரம் ஆறு: ஒரு தாளில் சரியாக அடங்கும். ஒவ்வோர் அட்டையிலும் பெயர், எத்தனை கட்டத் தூரம், எவ்வளவு நேரம், எதிராளி எந்தத் தப்பித்தல் எறிய வேண்டும், அவர் எட்ட வேண்டிய எண். அந்த எண் 8, பயிற்சி, அறிவுக் கூட்டெண் மூன்றும் சேர்ந்தது. அறிவு +3 உள்ளவருக்கு 13. அன்றைக்கு ஆயத்தம் செய்த மந்திரங்களைக் கையில் பிடித்துக்கொண்டு மற்றவற்றைக் கவிழ்த்து வைப்பார்.

மனத்தை ஒருமுகப்படுத்தி வைத்திருக்க வேண்டிய மந்திரங்கள்தான் எல்லா மேசையிலும் மறக்கப்படுபவை. ஒரு நேரத்தில் ஒன்றுதான் முடியும். இரண்டாவதைத் தொடங்கினால் முதலாவது கலையும். அடிபட்டால் தாங்குதிறன் தப்பித்தல் எறிய வேண்டும். இலக்கு 10 அல்லது பட்ட காயத்தின் பாதி, இரண்டில் பெரியது. இந்தக் கடைசி வரியை அத்தகைய அட்டைகளின் அடியில் மட்டும் அச்சிட்டு, மந்திரவாதிக்கு ஒரே ஒரு உடுப்புக் கிளிப் கொடுத்திருக்கிறார்கள். மந்திரம் நடக்கும்வரை கிளிப் அந்த அட்டையில் இருக்கும். இன்னொன்றைத் தொடங்க வேண்டுமென்றால் முதலில் அதைக் கழற்றித்தான் ஆக வேண்டும்.